மாட்டுக்கு ஒத்துக்கொண்ட சாயம்

மாடு எங்கும் ஓடிப்போகாது சார், முதலில் உட்காருங்கள். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், ஒரு கால் விரிசல். இப்படிக் கட்டிலில் உட்காருங்கள். அட, அவ்வளவு தள்ளி உட்கார வேண்டியதில்லை. என் தலையைப் பார்க்காத மாதிரி பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? முப்பத்து மூன்று வருசம் சந்தையில் நின்றவன் நான். வாங்க வந்தவன் நம் மாட்டை விட்டுவிட்டுப் பக்கத்து மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தால், நம் மாடு அவன் கண்ணில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் வந்ததிலிருந்து என் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பாருங்கள், நன்றாகவே பாருங்கள். துணியை எடுத்துவிடுகிறேன். இந்தப் பக்கம் காய்ந்துவிட்டது. காதுக்கு மேலே மட்டும் இன்னும் கொஞ்சம் பச்சையாக இருக்கிறது. இது தொத்தாது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னது. சந்தையில் நாலு பேருக்குக் காட்டிக்கொள்ள வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றுகூடச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். சர்டிபிகேட் மாட்டுக்குத்தான்.

நேற்றுப் போனில் எந்த ஊர் என்று கேட்டேன். மூலனூர் என்றீர்கள். மூலனூரில் எந்தப் பக்கம் என்றேன். பால் சொசைட்டிக்குப் பின்னால் என்றீர்கள். அப்புறம் நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து நீங்கள் அலோ அலோ என்று கத்தினீர்கள். லைன் போகவில்லை சார்.

அந்த மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இந்தத் தலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பொட்டலம். அவசரமில்லையே? இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வாத்தியாருக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கேளுங்கள்.

எனக்கு இது இருபத்தேழு வயதில் ஆரம்பித்தது. பொடுகு என்றுதான் நினைத்தேன். தயிர் தேய்த்தேன், வெந்தயம் அரைத்துப் பூசினேன், வேப்பெண்ணெய் வைத்துக்கொண்டு நாயே கிட்டே வராத நாற்றத்தோடு சந்தைக்குப் போனேன். எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னான் ஒருத்தன். தேய்த்துப் பார்த்துவிட்டு, அவனைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடித்தேன். ஒன்றுக்கும் கேட்கவில்லை. செதில் செதிலாக உதிரும். சீப்பு வைத்தால் மாவு சலித்த மாதிரி கொட்டும். நான் எப்போதும் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துண்டுதான். கட்சிக்காரன் என்று நினைப்பார்கள். கட்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெள்ளையில் விழுந்தால் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு தடவை சலூனில் அந்த ஆள் என் தலையைத் தொட்ட சீப்பை ரெண்டு விரலில் தூக்கித் தண்ணீரில் போட்டான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் சிரித்தான். எழுந்து கத்தரிக்கோல், சீப்பு, பவுடர் டப்பா எல்லாவற்றையும் வாரி வீதியில் எறிந்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் முடி வெட்டிக்கொள்வது நானேதான். வண்டிக் கண்ணாடியைப் பார்த்து வெட்டிக்கொள்வேன். பின்பக்கம் எப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதும் இல்லை.

கோபக்காரன் என்பார்கள். இருக்கட்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் எவனும் அன்பாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பத்தொன்பது வயதில் நானாக வாங்கிய முதல் மாடு ஒரு கரும்பசு. பளபளவென்று இருந்தது. ஓட்டிக்கொண்டு வரும்போது தாராபுரத்துக்கு இந்தப் பக்கம் மழை பிடித்தது. அரை மணி நேரத்தில் மாட்டின் விலாவிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஒழுகி, வந்த வழியெல்லாம் ரோட்டில் கோடு போட்டது. அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. பழைய புண்ணின் தழும்பு. புண் ஆறின இடத்தில் மயிர் வெள்ளையாகத்தான் முளைக்கும், மாட்டுக்கும் சரி, குதிரைக்கும் சரி. அதைப் பார்த்தால் வாங்குகிறவன் யோசிப்பான். என்ன புண்ணோ, உள்ளே என்னவோ என்று. அதனால் அடுப்புக்கரியில் எண்ணெய் குழைத்துப் பூசிவிட்டான் அந்தப் படுபாவி. என் பள்ளிக்கூடம் அன்றைக்குத்தான், அந்த மழைக்குள்தான்.

அதிலிருந்து எந்த மாட்டைப் பார்க்கப் போனாலும் முதலில் துண்டை நனைப்பேன். நனைத்து, விற்கிறவன் கண் முன்னாலேயே முதுகு, விலா, நெற்றி என்று தேய்ப்பேன். சந்தையில் அது பெரிய அவமரியாதை சார். பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், மடியை அமுக்கிப் பார்க்கலாம், வாலைத் தூக்கிப் பார்க்கலாம், ஒருத்தனும் ஒன்றும் சொல்ல மாட்டான். நனைந்த துண்டோடு கிட்டே போனால் மட்டும், நீ திருட்டுப்பயல் என்று மூஞ்சிக்கு நேராகச் சொன்ன மாதிரி. அதற்காகச் செருப்படி வாங்கியிருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன். சந்தையில் நனைந்த துண்டுக்கு வேறு அர்த்தமே கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நானும் பூசினேன். பூசவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. நான் கரி பூசவில்லை. தலைக்குப் போடும் சாயப் பொட்டலம். தண்ணீரில் குழைத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷில் தொட்டுத் தடவினால் மழைக்கும் நிற்கும், துண்டுக்கும் நிற்கும். இருபது வருசம் இந்தக் கையால்தான் குழைத்திருக்கிறேன். குழைத்த மறுநாள் விரல் இடுக்கெல்லாம் வெடிக்கும், அரிக்கும். கயிறு அறுத்தது என்று விட்டுவிடுவேன்.

இந்தத் தொழிலில் எல்லாம் வந்தது. வீடு வந்தது, தோட்டம் வந்தது, அந்த போர்வெல் வந்தது. கல்யாணம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் உங்களுக்கே தெரியும், ஊருக்குப் பத்துப் பேர் நாற்பதைத் தாண்டி அப்படியே நிற்கிறான். பெண்ணைக் கொடுக்கிறவன் பையன் கம்ப்யூட்டரில் இருக்கிறானா என்று கேட்கிறான். மாட்டுத் தரகனுக்கு யார் கொடுப்பார்கள்? எங்கக்கா ருக்குமணி பத்தொன்பது இடம் பார்த்தாள். சிலது அவர்கள் வேண்டாம் என்றார்கள். சிலது நான் சண்டை போட்டுக் கலைத்தேன். ஒரு வீட்டில் பெண்ணின் மாமன், "மாப்பிள்ளை தோள்ல என்ன, இட்லி மாவா?" என்றான். காப்பியை அவன் மேலேயே ஊற்றிவிட்டு வந்தேன். சூடு ஆறின காப்பிதான்.

இருபதாவதுதான் மூலனூர்.

பெயர் கோகிலவாணி. முப்பத்தொன்பது வயது. புருசன் செத்து எட்டு வருசம், குழந்தை இல்லை. அண்ணன் செல்வராசு வீட்டில் இருக்கிறாள். உங்கள் சொசைட்டியில் காலையும் மாலையும் பால் சோதித்து எடுப்பது அவள்தான். தெரியுமா? தெரிந்திருக்கும். கண்ணாடி போட்ட, ஒல்லியான... சரி, தெரியும் அல்லவா. தலையாட்டினால் போதும். எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

அக்கா என்னுடைய ஒரு போட்டோவை அனுப்பிவிட்டாள். பதினோரு வருசத்துக்கு முந்தின போட்டோ. அதில் எனக்கு முடி கருகருவென்று இருக்கும். இப்போது பஞ்சு மாதிரி வெளுத்துவிட்டது. வயது நாற்பத்தொன்று என்று சொல்லியிருந்தாள். எனக்கு நாற்பத்தேழு.

"மயிலு, இதோட நான் பாக்க மாட்டண்டா. எனக்கும் முட்டி தேஞ்சு போச்சு. போட்டோவுல இருக்கறாப்பல வந்து நில்லு. அது போதும்" என்றாள்.

"தலைக்கு எதுவும் ஆகாதுக்கா. எண்ணெய் பட்டாலே எரியுது."

"ஒரு நாளைக்கு எரிஞ்சா செத்தா போயிருவ? கல்யாணத்துக்கப்பறம் அவ பாத்துக்குவா."

எனக்கு இதில் பெரிய ஆசையெல்லாம் இல்லை சார். நீங்கள் அப்படி நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த மாதத்தில் பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டினேன். அது மாடு கழுவுவதற்குத் தண்ணீர் வசதியாக இருக்கட்டுமே என்று. ஒரு பீரோ வாங்கினேன். கண்ணாடி வைத்ததும் வைக்காததும் ஒரே விலை என்றான், அதனால் கண்ணாடி வைத்தது. தலையணை ஜோடியாகத்தான் விற்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பொட்டலத்தை எடுத்தேன். இருபது வருசமாக உடைத்துக் கொட்டிய பொட்டலம், அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பின்பக்கம் படித்தேன். எறும்பு எழுத்தில் எழுதியிருந்தான். காதுக்குப் பின்னால் துளி தடவி நாற்பத்தெட்டு மணி நேரம் பார்க்க வேண்டுமாம். அரித்தால், வீங்கினால் போடக் கூடாதாம். தலையில் புண், செதில் இருந்தால் போடவே கூடாதாம். ஞாயிறு காலை கிளம்ப வேண்டும், நாற்பத்தெட்டு மணிக்கு எங்கே போவது?

அப்போதுதான் அந்த மாட்டைப் பார்த்தேன். நீங்கள் பார்க்க வந்திருக்கிறீர்களே, அதே மாடு. அதற்கு வலது விலாவில் ஒரு வெள்ளைத் தழும்பு. ஆறு நாளைக்கு முன்னால்தான் அதே பொட்டலத்தில் பாதியைக் குழைத்துப் பூசியிருந்தேன். கிட்டே போய்ப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. தொட்டேன், அசையவில்லை. வால்கூடச் சொடுக்கவில்லை. தீவனம் ஒழுங்காகத் தின்கிறது, பால் குறையவில்லை. ஆறு நாள் சார்! நாற்பத்தெட்டு மணி என்ன பெரிய மணி? மாட்டுத் தோலுக்கு ஈ உட்கார்ந்தாலே சிலிர்க்கும். அதற்கே ஒத்துக்கொண்டது மனிதனுக்கு ஒத்துக்கொள்ளாதா?

சிரிக்காதீர்கள். டாக்டரம்மாவும் இப்படித்தான். பிற்பாடு அவர் கேட்டார்: "டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?" பண்ணினேன் என்றேன். "எந்த எடத்துல?" என்றார். மாட்டு மேலங்க என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை மாட்டுக் கட்டுத்தரையில் உட்கார்ந்து போட்டேன். செதில் மேலே சாயம் பிடிக்காது என்று தோன்றியது. மாட்டுக்கும் அழுக்குச் சுரண்டிவிட்டுத்தான் பூசுவோம். அதனால் இரும்புச் சீப்பால் முதலில் வறட்டு வறட்டென்று வாரி எல்லாச் செதிலையும் பெயர்த்துவிட்டேன். அங்கங்கே ரத்தம் துளிர்த்தது. அதன் மேலே சாயம். எப்படி இருந்தது என்கிறீர்களா? மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி. அரை மணி நேரம் என்று போட்டிருந்தான். ஒரு மணி நேரம் விட்டேன். கூட இருந்தால் கூடப் பிடிக்கும் அல்லவா. எரிச்சலில் சரியாக அலசக்கூட முடியவில்லை, தண்ணீர் பட்டால் உயிர் போகிறது. ரெண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஆனால் கறுப்பு பிடித்துவிட்டது சார். அந்தப் பீரோக் கண்ணாடியில் பார்த்தேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, "அட, என்ற தம்பி சின்னப் பையனாட்ட இருக்கறான்" என்று திருஷ்டி சுற்றினாள். அன்றைக்கு எரிச்சலே தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் தெரியவில்லை.

ஞாயிறு காலை எழுந்தால் கண் திறக்கவில்லை. நெற்றி உப்பிப்போய், புருவம் ரெண்டும் தொங்குகிறது. தலை பூராக் கொப்புளம், கசிகிறது. அக்கா, "போன் பண்ணி இன்னொரு நாளைக்கு வர்றம்னு சொல்லீரலாண்டா" என்று கெஞ்சினாள். நான் மாட்டேன் என்றேன். பார்க்க வருகிறேன் என்று சொன்ன நாளில் போகாவிட்டால் மாடு கை மாறிவிடும். சந்தையில் அப்படித்தான். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அக்காவோடு வாடகைக் காரில் கிளம்பிவிட்டேன்.

அவர்கள் வீட்டு ஹாலில் சின்ன மேசை விசிறி ஒன்று. செல்வராசு நல்ல மனுசன், வாங்க வாங்க என்றார். அவள் வந்தாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடவில்லை. எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ரெண்டாந்தரம், அதனால் கூச்சம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நெற்றிக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு அவளுக்கும் வெள்ளை. அதை மறைக்கவே இல்லை, அப்படியே வாரிப் பின்னியிருந்தாள். எனக்கு அது புரியவில்லை சார். விற்க வந்தவர்கள் யாராவது குறையை முன்னால் தெரிய நிறுத்துவார்களா?

"போட்டோ பழசுங்களா?" என்றாள்.

"போன வருசத்துதுங்க" என்றேன்.

"ஓ" என்றாள்.

செல்வராசு வயது கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு என் தலையைப் பார்த்தாள். பால் சோதிக்கிறவள் அல்லவா. தண்ணீர் கலந்த பாலை அளவுக் குழாயைப் போடும் முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. எழுந்து போய் மேசை விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள். காற்று அடித்தால் என்ன உதிர்கிறது என்று பார்க்கத்தான். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "பொடுகுங்களா, செதிலுங்களா?"

எங்கக்கா பதறி, "ஒண்ணுமில்ல கண்ணு, வெயில்ல வந்தது" என்றாள்.

"இல்லீங்க, எங்கய்யனுக்கும் இருந்துச்சு. மார்கழி வந்தா கெளம்பீரும். தேங்காண்ணெ வெச்சு ஊற உட்டு, நாந்தான் பதமா எடுத்து உடுவேன். சொரண்டக் கூடாதுங்க. அது தொத்தறது இல்ல, சும்மா சனங்க பயப்படுது."

இதையும் நான் குறை சொல்வதாகத்தான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? விலையைக் குறைக்க நினைக்காதவன் எதற்குக் குறையைப் பற்றிப் பேசுகிறான்?

அந்தச் சமயத்தில் காதுக்குப் பின்னால் என்னவோ ஊர்ந்தது. வியர்வையும் கசிவும் சேர்ந்து, அலசாத சாயத்தைக் கரைத்துக்கொண்டு கழுத்தில் இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அவள் பார்த்தாள். எழுந்தாள், உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிழியும் சத்தம் கேட்டது. வந்தாள். கையில் இளம்பச்சை நிறத்தில் ஒரு துண்டு. நனைந்த துண்டு.

சார், நான் சொன்னேனே. மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேனே.

அவள் கையை நீட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து கத்தினேன்.

"ஏம்மா, நான் என்ன மாடா? சாயம் போகுதான்னு தேச்சுப் பாக்க வர்றயா? ஊட்டுக்குக் கூப்புட்டு உக்கார வெச்சு ஈரத்துண்டு கொண்டாருவயா நீ?"

அவர்கள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. செல்வராசு, "ஏனுங்க, என்னங்க?" என்று என் கையைப் பிடித்தார். உதறினேன். அவள் பயப்படவில்லை, அதைச் சொல்ல வேண்டும். துண்டை நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. "எரியுமேன்னுதானுங்க கொண்டாந்தேன்" என்றாள்.

அந்தத் துண்டைப் பிடுங்கிக்கொண்டு, பிடுங்கிக்கொண்டு என்ன, வாங்கிக்கொண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வந்து காரில் உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் ஒரு மாதிரி பார்த்தான். கண்ணாடியில் பார்த்தேன். கழுத்திலிருந்து சட்டைக் காலர் வரைக்கும் கறுப்புக் கோடு. பத்தொன்பது வயதில் ரோட்டில் பார்த்த கோடு மாதிரியே இருந்தது. துடைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை சார். கோபம்கூட நின்றுவிட்டது. மூலனூரிலிருந்து இங்கே வரும் வரைக்கும் அந்தத் துண்டைத் தலையில் வைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் அக்கா, "அவ எரியுமேன்னு கொண்டாந்தாடா, பாவி" என்றாள். அதற்கப்புறம் அவள் இங்கே வரவில்லை.

மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் ஆஸ்பத்திரி. அந்த டாக்டரம்மாதான் சொன்னார், செதில் என்பது தனி வியாதி, தோல் அவசரப்பட்டு முளைத்து முளைத்து உதிர்கிறதாம். அடங்கியிருக்கும் காலத்தில் சிலபேர் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, சோதித்துப் பார்த்துச் சாயம் போடுவதுண்டாம், சீப்பால் பெயர்த்துப் புண்ணாக்கி அதன் மேல் போட்டவன் நான் ஒருத்தன்தானாம். என் கையைத் திருப்பிப் பார்த்தார். "இந்த வெரல் வெடிப்பு எத்தன வருசமா?" என்றார். சொன்னேன், மாட்டுக்குக் குழைப்பதைப் பற்றி. "அப்ப இருந்தே இந்தச் சாயம் உங்க ஒடம்புக்கு ஆகலீங்க. அது சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு. இனி ஆயுசுக்கும் இதைத் தொடாதீங்க" என்றார். மாட்டுக்கும் பூசக் கூடாதாம், கையுறை போட்டுக்கொண்டாலும் கூடாதாம். களிம்பு கொடுத்தார், வாரம் இரண்டு தடவை தேய்க்க ஷாம்பு கொடுத்தார். கேட்கிறது. இருபது வருசமாக ஒன்றுக்கும் கேட்காதது கேட்கிறது.

ஐந்தாம் நாள் அவளிடமிருந்து போன் வந்தது.

அக்காவிடம் நம்பர் வாங்கியிருக்கிறாள். "தலை எப்படி இருக்குதுங்க?" என்றாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். சந்தையில் ஒருவன் திரும்ப வந்து பேச்சுக் கொடுத்தால் நாம் இறங்கிவிடக் கூடாது, அது தெரியும். அதனால், "என்னங்க, கொறச்சுக் கேக்கலாம்னு கூப்பிட்டீங்களா?" என்றேன்.

அந்தப் பக்கம் பால் கேன் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டாள்.

மூலனூர் போய்வந்து நாற்பத்திரண்டு நாள் ஆகிறது சார். நான் கூப்பிடவில்லை. ஒரு தடவை கேட்டுவிட்டுப் போனவன், உண்மையிலேயே வேண்டுமென்றால், மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வந்து நிற்பான். நாம் பின்னால் போனால் காரியம் கெட்டுப்போகும். முப்பத்து மூன்று வருசத்தில் நான் யார் பின்னாலும் போனதில்லை. போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். நேற்றுப் புது நம்பரிலிருந்து அடித்தபோது மூலனூர் என்றது. நீங்கள்.

தப்பு யார் பேரில் என்று யோசித்துப் பார்த்தேன். எறும்பு எழுத்தில் அச்சடித்தவன் பேரில் தப்பு. பழைய போட்டோவை அனுப்பினாளே, அக்கா பேரில் தப்பு. ஒரு வார்த்தை, "தொடைச்சுக்குங்க" என்று வாயால் சொல்லிவிட்டுத் துண்டைக் கொண்டுவந்திருக்கலாம் அல்லவா, அவள் பேரிலும் கொஞ்சம் இருக்கிறது. அவளுக்கு சந்தை தெரியாது என்று அக்கா போனில் சொன்னாள். எனக்கு சந்தையைத் தவிர என்ன தெரியும்?

சரி, எழுந்திருங்கள். மாட்டைப் பார்த்துவிடலாம். வெயில் ஏறுகிறது.

இதுதான். மூன்றாவது ஈத்து, கன்று அதோ. பாலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, சாயங்காலம் இருந்து நீங்களே கறந்து பாருங்கள். இந்தப் பக்கம் வாருங்கள். வலது விலா. தெரிகிறதா? மேலே கறுப்பு, அடியில் ஒரு நெல் உயரத்துக்கு வெள்ளை முளைத்திருக்கிறது. டெம்போவின் கொக்கி கிழித்த இடம். மூன்று வருசம் ஆகிவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. நான் பூசினதுதான் மேலே இருக்கும் கறுப்பு. உங்களிடம் பூசாமல் சொல்கிறேன். நன்றாக அமுக்குங்கள், பயப்பட வேண்டாம். பார்த்தீர்களா, அசையாது. அந்த இடத்தில் அதற்கு ஒன்றும் தெரியாது. மரத்துப் போய்விட்டது.

வேண்டுமானால் துண்டு நனைத்துத் தேய்த்தும் பாருங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. அந்தத் துண்டு வேண்டாம் சார். கொடியில் தொங்குகிறதே, இளம்பச்சை, அதை எடுக்க வேண்டாம். அது வேறு. அது காயட்டும். எத்தனை தடவை அலசினாலும் அந்த ஓரத்தில் கறுப்பு போகமாட்டேன் என்கிறது. இந்தாருங்கள், என் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

விலையா? நீங்களே சொல்லுங்கள். இல்லை, சந்தை மாதிரி துண்டுக்கடியில் விரலெல்லாம் பிடிக்க வேண்டாம். வாயால் சொல்லுங்கள். ம். சரி. ஓட்டிக்கொண்டு போங்கள். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? குறைத்துச் சொல்லிவிட்டோமோ என்று பார்க்கிறீர்களா? குறைவுதான். பரவாயில்லை. எனக்கு இன்றைக்குப் பேசத் தெம்பில்லை.

ஒன்றே ஒன்று. நாளைக்குக் காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோய் ஊற்றுவீர்கள். புது மாட்டுப் பால் என்றால் அவர்கள் யாரிடம் வாங்கியது என்று கேட்பது வழக்கம். கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். மயில்சாமி என்று சொன்னால் போதும். கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்ல வேண்டாம்.

தலையைப் பற்றிக் கேட்டால், ஆறிக்கொண்டு வருகிறது, புது முடி வெள்ளையாகத்தான் வருகிறது, அப்படியே விட்டுவிட்டான் என்று சொல்லுங்கள். வயது நாற்பத்தேழு என்று சொல்லுங்கள். அதுவும் கேட்டால்தான்.

துண்டைப் பற்றிக் கேட்க மாட்டாள். ஒருவேளை கேட்டால், இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கயிற்றை இப்படிக் குட்டையாகப் பிடியுங்கள் சார். ரோட்டைக் கண்டால் கொஞ்சம் மிரளும்.